பானெட்டைத் திறந்தால் வருகிறவர்

பம்பாயில் எங்கே வேண்டுமானாலும் ஒரு காரை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி முட்டுக்கம்பி கொடுத்துவிட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். மாட்டுங்காவில் இருபது எண்ணுவதற்குள் ஒருவர் வந்து சேர்வார். செம்பூர் கொஞ்சம் சாவகாசமான இடம், நாற்பது ஆகலாம். தாராவியில் எண்ணவே வேண்டாம். முட்டுக்கம்பியைச் சரியாகப் பொருத்திக் கொடுப்பதே அவராகத்தான் இருக்கும்.

எஞ்சின் ஆயிலுக்குக் கிரேடு சொல்கிறவர் என்று இந்த இனத்துக்குப் பெயர். அவருக்குச் சொந்தமாகக் கார் இருக்காது. பெரும்பாலும் பஸ்ஸில் போகிறவராக இருப்பார், அதுவும் நின்றுகொண்டு. ஆனால் ஊரில் ஓடுகிற ஒவ்வோர் எஞ்சினின் வயிற்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்பது அவருடைய கவலை. வந்தவர் உடனே பேசிவிடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு வந்தவர்போல எஞ்சினைக் குனிந்து பார்ப்பார். ‘ச்சு’ என்று ஒரு சத்தம் செய்வார். பிறகு உங்களைக் கேட்காமலே உங்கள் காரின் அளவுக்கம்பியை உருவி, அதன் நுனியில் நிற்கிற ஆயில் சொட்டைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வாங்கி, தேய்த்து, விரல்களை மெல்லப் பிரித்து, இழை எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், கடைசியில் வெயிலிலும் ஒரு தரம் காட்டுவார். இதற்குள் நீங்கள் எதற்காக பானெட்டைத் திறந்தீர்கள் என்பதே உங்களுக்கு மறந்துபோயிருக்கும். ஃபேன் பெல்ட் அறுந்திருக்கலாம். ஹாரன் ஒயர் கழன்றிருக்கலாம். அவை அவருடைய இலாகா இல்லை.

“என்ன கிரேடு ஊத்தியிருக்கீங்க?”

இதுதான் கேள்வி. இதற்குச் சரியான விடை கிடையாது. முப்பது என்று சொன்னால், நாற்பது ஊற்றியிருக்கவேண்டும். நாற்பது என்றால், ஐம்பது. சரி, ஐம்பதேதான் ஊற்றியிருக்கிறேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால்? எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பார்.

விஷயம் ஒன்றும் பெரிய வேதாந்தம் இல்லை. ஆயில் டப்பாவின் மேல் ஒரு நம்பர் இருக்கும். நம்பர் சின்னதானால் ஆயில் நீர்த்தது, பெரிதானால் கெட்டி. எந்த எஞ்சினுக்கு, எந்தப் பருவத்தில், எந்த நம்பர் என்பதை அந்த எஞ்சினைச் செய்தவனே ஒரு சின்னப் புத்தகத்தில் அச்சடித்து, காரோடு சேர்த்தே கொடுத்திருக்கிறான். ஆனால் கிரேடு சொல்கிறவருக்கு அந்தப் புத்தகத்தைக் கண்டால் ஆகாது. மாட்டுங்காவில் ரயில்வே கணக்கு ஆபீஸ் வேங்கடசுப்ரமணியன் என்று ஒருவர் இருக்கிறார். அவர் மட்டும் புத்தகத்தைப் படிப்பார், அதுவும் அதில் உள்ள தப்பைக் கண்டுபிடிக்க. வெளிநாட்டில் இப்போது ஒரே டப்பாவில் இரண்டு நம்பர் போட்ட ஆயில் வந்திருக்கிறது என்று ஏதோ பத்திரிகையில் பார்த்துவிட்டு, அது இந்தியாவுக்கு வந்து சேரும் முன்பே இரண்டு நம்பரும் தப்பு என்று சொல்லத் தயாராகக் காத்திருக்கிறார்.

ஆனால் இந்த இனத்தின் தலைசிறந்த மனிதரைப் பார்க்கவேண்டுமானால் நீங்கள் தாராவிக்குத்தான் வரவேண்டும். தோல் கிடங்குகள் இருக்கிற சந்தில் நுழைந்து, நாகூர் கனி பாய் என்று கேட்டால் காட்டுவார்கள். கேட்கவேண்டியதும் இல்லை. ஒரு கார் கொண்டுவந்து பானெட்டைத் திறந்தால் போதும்.

நாகூர் கனி கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர். மதராஸிலிருந்து பாதி பதமாகி வருகிற தோல்களை வாங்கி, எண்ணெய் ஏற்றி, மெருகு போட்டு, செருப்புக்காரர்களுக்கும் பைக்காரர்களுக்கும் கொடுக்கிற தொழில். அந்தத் தொழிலில் அவருடைய விரல்களை மிஞ்ச ஆளில்லை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மீன் எண்ணெயில் எவனாவது கடலை எண்ணெய் கலந்திருந்தால், பீப்பாயின் மூடியைத் திறந்து ஒரு சொட்டைத் தேய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவார். புங்க எண்ணெய் போன வருஷத்துச் சரக்கா இந்த வருஷத்துச் சரக்கா என்று அவரிடம் கேட்டு நிச்சயம் செய்துகொள்ள மற்ற முதலாளிகள் டம்ளரோடு வருவார்கள். இப்படி வருஷக்கணக்கில் எண்ணெயில் ஊறிய விரல்களுக்கு, எஞ்சினுக்குள் இருப்பதும் ஓர் எண்ணெய்தானே என்று ஒரு நாள் தோன்றிவிட்டது. தோன்றியது தப்பா? அன்றைக்கு அந்த இரண்டு விரல்களும் சும்மா இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

அவருடைய மருந்து ஒன்றே ஒன்று. ஐம்பது. ஃபியட்டானாலும் லாரியானாலும், மழையானாலும் வெயிலானாலும், ஐம்பது. அதற்கு அவர் காட்டும் நியாயமும் ஒன்றே. எருமைத் தோலுக்கு எண்ணெய் கெட்டியாக இருந்தால்தான் உள்ளே நின்று உழைக்கும். தோலே அப்படியென்றால் இரும்பு எப்படி? யாராவது வாயைத் திறந்தால் இன்னொன்று வைத்திருந்தார். பரீட்சையில் முப்பத்தைந்துதான் பாஸ் மார்க்கு, முப்பது என்பது பெயில். பெயிலான எண்ணெயையா எஞ்சினுக்குள் ஊற்றுவது? அதற்கும் மசியாதவர்களிடம், “சேக் பரீது லாரியக் கேட்டுப்பாரும்” என்பார். ஷேக் பரீதின் லாரியில் ஐம்பதுதான் ஓடுகிறது, நாசிக் வரை போய் வருகிறது, ஒரு நாள் நின்றதில்லை. அதைச் சொன்னது யார்? நாகூர் கனி.

இப்படிப் பதினான்கு வருஷம். கேட்டவர்கள் எல்லாரும் “சரி பாய், அப்படியே செஞ்சிருவோம்” என்று தலையை ஆட்டினார்கள். அவரும் திருப்தியோடு விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பினார். மறுநாள் அந்த எஞ்சின் என்ன ஆயிற்று என்று அவர் ஒரு தடவையும் போய்ப் பார்த்ததில்லை. ஏன் பார்க்கவேண்டும்? இந்த இனத்தின் சுகமே அதில்தான் இருக்கிறது. கிரேடு அவருடையது, எஞ்சின் உங்களுடையது.

அந்தச் சுகம் கெட்ட கதைதான் இது.

செல்லப்பாண்டி டாக்சிக்காரர். தாராவியிலேயே இருக்கிறவர், பேச்சில் கொஞ்சம் குறும்பு. அந்த டிசம்பரில் தன் ஃபியட்டின் சிலிண்டர்களைக் கடைந்து புது பிஸ்டன் போட்டார். வேலை செய்தது மெக்கானிக் சொரிமுத்து. ஷெட் கும்பார்வாடா முனையில் இருக்கிறது. ஐந்நூறு மைல் மெதுவாக ஓட்டிவிட்டு வாரும், பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுவோம் என்று அவர் சொல்லியிருந்தார். ஐந்நூறு மைல் ஆனபோது ஜனவரி பிறந்துவிட்டது. நாகூர் கனியின் மனைவி சுலைகாவின் அண்ணன் கலீலுல்லா தன் மகன் முகம்மது ஹனீபுக்குப் பூனாவில் பெண் எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை லுஹர் என்கிற நடுப்பகல் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். பெண்கள் சனிக்கிழமை சாயங்கால ரயிலில் போவதென்றும், மாப்பிள்ளை மறுநாள் காலை செல்லப்பாண்டியின் டாக்சியில் கிளம்பிப் போவதென்றும் ஏற்பாடு. நிக்காஹ் நடத்திவைக்கிற காஜி இரண்டு மணிக்கு இன்னொரு நிக்காஹுக்கு வாக்குக் கொடுத்திருப்பதால், லுஹருக்கு மாப்பிள்ளை பள்ளிவாசலில் இருந்தே ஆகவேண்டும் என்று பெண் வீட்டார் இரண்டு கடிதம் போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை சொரிமுத்துவின் ஷெட்டில் பானெட் திறந்திருந்தது. பழைய ஆயில் தட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. நாகூர் கனி அங்கே எப்படி வந்தார் என்று கேட்காதீர்கள். பானெட் திறந்திருந்தது என்று சொல்லியாகிவிட்டதே.

அன்றைக்கு அவர் என்றைக்கும் இல்லாத அதிகாரத்தோடு பேசினார். மாப்பிள்ளை தன் குடும்பம், ஏறப்போவது கண்டாலா மலை, ஐந்து பேர் பாரம், போதாததற்குச் சீர்ப் பெட்டிகள். முப்பதை ஊற்றினால் பாதி மலையில் அது தண்ணீராகப் போய்விடும் என்று, ஏதோ தானே அந்த மலையை எஞ்சினாக ஏறி வந்தவர்போலச் சொன்னார். எருமைத் தோல் வந்தது. பாஸ் மார்க்கு வந்தது. ஷேக் பரீதின் லாரி வந்தது. சொரிமுத்து அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஒரு திருகைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடியும் துடைக்கிறவர். அவர் சொன்னது ஒரே வாக்கியம்.

“புது வேலை பாய். இடுக்கு சின்னது. குளிருக்கு முப்பதுதான்.”

“நீரு திருகப் பாரும்வே. எண்ணெய நான் பாத்துக்கிடுதேன்.”

செல்லப்பாண்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல, சரி பாய், அம்பதே ஊத்திருவோம் என்றார். வழக்கம்போல நாகூர் கனி விரல்களைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

பகல் இரண்டு மணிக்குச் சாயாக் கடையில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். நாகூர் கனி பேச்சுவாக்கில், என்ன, வண்டி ரெடியா என்று கேட்டார். வேறொன்றும் நினைத்துக் கேட்கவில்லை. செல்லப்பாண்டி பன்னை முக்கிக் கொண்டே சொன்னார்: “பராபர் ரெடி பாய். நீங்க சொன்ன அம்பதேதான் ஊத்தியிருக்கு.”

நாகூர் கனியின் கையில் இருந்த சாயா அப்படியே நின்றது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். பதினான்கு வருஷமாக மனுஷர் மருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை ஒருவன் நிஜமாகவே குடித்துவிட்டேன் என்று எதிரே உட்கார்ந்து சொல்கிறான். சந்தோஷப்படவேண்டிய நேரம்தான். அவரோ சாயாவைக் குடிக்காமலே கீழே வைத்தார். இடுக்கு சின்னது என்று சொரிமுத்து சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. காலையில் காதுவரை வந்து காத்திருந்தது போலிருக்கிறது. இடுக்கு சின்னது என்றால் என்ன? நெருக்கமான துவாரம். நெருக்கமான துவாரம் உள்ள தோல் எது? ஆட்டுத் தோல். ஆட்டுத் தோலுக்குக் கெட்டி எண்ணெய் வைத்தால் என்ன ஆகும்? உள்ளே இறங்காது. மேலேயே நிற்கும். மேலே மினுமினுப்பு, உள்ளே வறட்சி, மூன்றாம் நாள் வெடிப்பு. இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் அவர் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். எருமைக்குக் கெட்டி, ஆட்டுக்கு நீர்ப்பு. பதினான்கு வருஷமாக ஊரில் உள்ள எஞ்சின்களை எல்லாம் எருமை என்று நினைத்துக்கொண்டிருந்துவிட்டார்.

நேரே கும்பார்வாடாவுக்கு நடந்தார். சொரிமுத்து ஒரு கார்புரேட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பேச்சுக்குக் கேட்பதாக முன்னுரை சொல்லி, யாரோ ஒரு ஆள், எங்கோ ஓர் ஊரில், புதிதாகக் கடைந்த எஞ்சினில் ஐம்பது ஊற்றிவிட்டால் என்ன ஆகும் என்று விசாரித்தார்.

சொரிமுத்து அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, நிறுத்தி நிதானமாக, கேட்டதற்குப் பதில் சொன்னார். குளிர் காலையில் ஸ்டார்ட் எடுக்கச் சிரமப்படும். எடுத்தாலும் ஆயில் மேலே ஏறிச் சேர நேரமாகும். அதுவரை உலோகம் உலோகத்தோடு காய்ந்து உரசும். மலையேற்றத்தில் சூடு பிடித்து, பிஸ்டன் இறுகி நின்றாலும் நிற்கும்.

“எந்த ஊரு ஆளு பாய்?”

“ஒமக்குத் தெரியாதுவே. டோம்பிவிலி.”

வீட்டில் சுலைகா ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மனுஷர் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கறந்துவிட்டார். கேட்டுவிட்டுப் பெட்டியின் தாழ்ப்பாளை அழுத்தி மூடினார். “வாயால ஊத்துன எண்ணெதானே. போயி வாயாலயே எறக்கிட்டு வாங்க. செல்லப்பாண்டி கிட்டதான் இருக்காரு.”

கிட்டத்தில்தான் இருந்தார். நாகூர் கனி இரண்டு தடவை அவர் வீட்டு வாசல்வரை போனார். முதல் தடவை செல்லப்பாண்டி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்; பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். நாலு பேர் எதிரில் எப்படிச் சொல்வது? இரண்டாம் தடவை யாரும் இல்லை. யாரும் இல்லாதபோது சொல்வது இன்னும் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஐம்பது தப்பு என்று ஒரு தடவை சொன்னால் அது இந்த வண்டியோடு நிற்குமா? பதினான்கு வருஷத்து ஐம்பதும் வரிசையாக வந்து நிற்குமே. நாளைக்குச் சீக்கிரம் வந்துவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். வழியில் சயான் பெட்ரோல் பம்பில் முப்பது கிரேடு டப்பா ஒன்று வாங்கி, ஒரு துணிப்பைக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டார்.

ஞாயிறு விடிந்ததும் வண்டி வந்தது. நாகூர் கனி முன் சீட்டில் ஏறி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார். அதில் மாப்பிள்ளைக்குப் போடுகிற பூச்சரம் இருக்கிறதாக்கும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பின்னால் ஹனீப், கலீலுல்லா, அவருடைய கூட்டாளி ஒருவர். செல்லப்பாண்டி சாவியைத் திருகினார். ஒரே திருகலில் எஞ்சின் எழுந்தது. நல்ல எஞ்சின் என்றால் எழத்தான் செய்யும். நாகூர் கனிக்கோ, நோயாளி கடைசி நாளில் கொஞ்சம் தெளிவாகப் பேசுவது நினைவுக்கு வந்தது.

அவர் அன்றைக்குக் கேட்டதுபோல ஓர் எஞ்சினை அதைச் செய்தவன்கூடக் கேட்டிருக்கமாட்டான். கியர் மாறினால் திடுக்கிட்டார். மாறாவிட்டால் ஏன் மாறவில்லை என்று திடுக்கிட்டார். தானாவில் தாகம் என்று நிறுத்தச் சொன்னார். தண்ணீர் குடிக்கவில்லை, பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். மும்ப்ராவில் ஒதுங்கவேண்டும் என்றார்; ஒதுங்கினது வண்டியின் முன்பக்கமாக. பன்வேலில் சாயா குடித்தே ஆகவேண்டும் என்று எல்லாரையும் இறக்கிவிட்டு, எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும் என்று இரண்டாவது சாயாவும் சொன்னார். தனக்கு வேண்டாம், மற்றவர்களுக்கு. கலீலுல்லா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மச்சான், நிக்காஹ் எம் மவனுக்கா, இந்த எஞ்சினுக்கா?”

கோப்போலி வந்தபோது மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. மலையேறப் போகிற வண்டிகள் எல்லாம் அங்கே நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது வழக்கம். எதிரே மலை நின்றது. மூச்சுத் திணறித் திணறி ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. செல்லப்பாண்டி பானெட்டைத் திறந்தார். நாகூர் கனி அளவுக்கம்பியை உருவினார். சொட்டு விழுந்தது. தேய்த்தார். விரல்களைப் பிரித்தார்.

இழை வரவில்லை.

இருபத்தைந்து வருஷத்து விரல்கள். கலப்படத்தைக் கண்டுபிடிக்கிற விரல்கள். இது ஐம்பது இல்லை என்று அவை அவரிடம் தெளிவாகச் சொன்னன. எஞ்சின் ஆயிலைப் பற்றி அந்த விரல்கள் முதன்முதலாக ஓர் உண்மையைச் சொன்ன நாளில், அவர் அவற்றை நம்பவில்லை. ஐம்பதுதான் சூட்டில் உருகித் தண்ணீராகிவிட்டது, இனி மலையில் ஒன்றும் மிஞ்சாது என்று எடுத்துக்கொண்டார். பின்னால் ஹனீப் பட்டுக் குல்லாவைத் தலையில் சரிசெய்து, கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நிப்பாட்டும்வே. மலையில ஏத்தாதியும்.”

“நின்னுதானே பாய் இருக்கு.”

“அம்பது தப்புவே. நான் சொன்னது தப்பு.” துணிப்பையை அவிழ்த்து டப்பாவை நீட்டினார். “இது முப்பது. உள்ள இருக்கத எறக்கிட்டு இத ஊத்தும். நிக்காஹ் நின்னுபோனா அது என் தலையில. வண்டி போனாலும் என் தலையில.”

ஆயிலை இறக்கி ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். லுஹர் போய்விடும், காஜியும் போய்விடுவார். அதைப் புரிந்துகொண்ட கலீலுல்லாவின் முகம் கறுத்தது. மாலை இருக்கவேண்டிய பையிலிருந்து எண்ணெய் டப்பா வந்த ஆச்சரியமே அவருக்கு இன்னும் தீரவில்லை. செல்லப்பாண்டி டப்பாவைப் பார்த்தார், நாகூர் கனியின் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு எல்லை தாண்டிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“கோவிச்சுக்கிடாதீங்க பாய். உள்ள இருக்கது முப்பதுதான்.”

“அம்பது ஊத்துனேன்னு சொன்னீரு.”

“நீங்க ஆசையா கேட்டிய. சொன்னேன்.”

“சொரிமுத்துக்குத் தெரியுமா?”

“ஊத்துனதே அவருதான.”

முதலில் நாகூர் கனியின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

“அப்ப, சேக் பரீது லாரி?”

“அதுல அம்பதுதான் பாய்.” செல்லப்பாண்டி ரேடியேட்டரின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். “கெழட்டு எஞ்சின், புகையாத் தள்ளுது, எண்ணெயாக் குடிக்கி. அதுக்கு அம்பதுதான் சரி. ஆனா அதும் சொரிமுத்து சொல்லித்தான் ஊத்துனது. ஏறுங்க, நேரமாவுது.”

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. சிரிப்பை அடக்கக் குல்லாவைக் கழற்றி வாயைப் பொத்திக்கொண்டான், அது பலிக்கவில்லை. பிறகு கலீலுல்லா சிரித்தார். கடைசியில் நாகூர் கனிக்கும் உதடு கோணியது. டப்பாவை மறுபடி பையில் வைத்து மடியில் இருத்திக்கொண்டார். ஃபியட் மலை ஏறியது. ஒரு வளைவில்கூட முனகவில்லை. கண்டாலாவில் நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடியும்போது ஹனீப் கை கால் கழுவிக்கொண்டிருந்தான். நிக்காஹ் நடந்தது, காஜி நேரத்தோடு கிளம்பினார், பிரியாணி நன்றாக இருந்தது. சுலைகா துணிப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதை இன்னுமா தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள் என்றார்.

இப்படி ஒரு மனிதர் மலையடிவாரத்தில், மைத்துனர் எதிரில், மாப்பிள்ளை எதிரில், என் தப்பு என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் திருந்த ஒருவருக்கு என்ன வேண்டும்? திருந்தினார். தாராவிக்குத் திரும்பிய பிறகு, பானெட் திறந்திருக்கிற வண்டிகளைக் கண்டால் எதிர்ச்சாரியில் நடந்தார். கும்பார்வாடா முனைக்கு வரும்போது மட்டும் ஆகாயத்தில் ஏதோ தேடுகிறவர்போல முகத்தைத் தூக்கிக்கொண்டார். டாக்சிக்காரர்களுக்கே என்னவோ போலிருந்தது. ஒருவர் வேண்டுமென்றே அவர் கிடங்கு வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துப் பார்த்தார். பாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கட்டுத் தோலை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள் ஷேக் பரீதின் லாரி தோல் ஏற்ற வந்து சந்து முனையில் நின்றது. கிழட்டு எஞ்சின், நின்ற பிறகும் பின்னால் கொஞ்சம் நீலப் புகை விட்டுவிட்டுத்தான் அடங்கியது. ஷேக் பரீத் பானெட்டைத் தூக்கினார். நாகூர் கனி கிடங்கு வாசலில் நின்றிருந்தார். ஓர் அடி முன்னால் வைத்தார். நின்றார். திரும்பி உள்ளே போனார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“என்ன கிரேடு ஊத்தியிருக்கீரு?”

“அம்பதுதான் பாய். நீங்க எப்பவும் சொல்லுததுதான.”

நாகூர் கனி அளவுக்கம்பியை உருவினார். தேய்த்தார், பிரித்தார், மூக்கருகே கொண்டுபோனார். ‘ச்சு’ என்றார்.

“தப்புவே. முப்பது போடும். ஒமக்குத் தெரியாது, கண்டாலா மலையில நானே ஏறிப் பாத்தாச்சு.” உள்ளே திரும்பி, சுவரில் ஆணியில் தொங்கிய துணிப்பையைக் காட்டினார். “டப்பாகூட எங்கிட்ட இருக்கு.”

பதினான்கு வருஷத்தில் அவர் சொன்னது சரியாக இருந்தது ஒரே ஒரு வண்டிக்கு. அந்த ஒன்றையும் இப்போது மாற்றிவிட்டார். ஷேக் பரீத் தலையை ஆட்டினார். சரி பாய், அப்படியே செஞ்சிருவோம் என்றார். கவலைப்படாதீர்கள், லாரி இன்னும் ஐம்பதில்தான் ஓடுகிறது.

நாகூர் கனியைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நல்லது, அதற்குத்தான் எழுதியது. ஆனால் ஒரே ஒரு விஷயம். சொரிமுத்து “குளிருக்கு முப்பதுதான்” என்று சொன்ன இடத்தில் நீங்கள் ஒரு கணம் நின்றீர்கள் அல்லவா? என்ன இருந்தாலும் ஐந்து பேர் பாரம், கண்டாலா மலை, நாற்பதாவது ஊற்றியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? தோன்றவில்லை என்றால் சந்தோஷம். அப்படியானால், இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று மெல்லத் தேய்த்துக்கொண்டிருக்கின்றனவே, அது எதற்கு?